மால்தஸ் கணக்கும் தாது வருஷப் பஞ்சமும்

புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்த காலத்தில் 'மால்த்தூஸ்' என்றொரு பெயர் பாடத்தில் வந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆங்கிலம் படித்த சக குமாஸ்தாக்கள் 'மால்தஸ்' என்றார்கள். இருவரும் ஒரே ஆள்தான் என்று எனக்குப் புரியவே சில நாள் பிடித்தது.

அவர் ஓர் ஆங்கிலேயப் பாதிரியார். 1798-இல் ஒரு நூல் எழுதினார். ஜனத்தொகை 1, 2, 4, 8, 16 என்று பெருகும்; உணவோ 1, 2, 3, 4, 5 என்றுதான் கூடும்; மிஞ்சிய வாய்களைப் பஞ்சமும் நோயும் குறைத்துவிடும் என்பது அவர் கணக்கு. கரும்பலகையில் பார்த்தபோது மறுக்கவே முடியாத கணக்காகத் தெரிந்தது.

இவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1805 முதல் 1834-இல் இறக்கும் வரை, கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் நடத்திய கல்லூரியில் அவர் ஆசிரியர். இந்தியாவை நிர்வகிக்க வந்த இளைஞர்கள் பலர் அவரிடம் பொருளாதாரம் கற்றவர்கள். ஆசிரியர் போன பிறகும் பாடம் போகவில்லை.

1876-இல் மழை பொய்த்தது. நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்பார்களே, அதுதான். தானியம் அடியோடு இல்லாமல் போகவில்லை. விலை ஏறியது, வேலையிழந்த கூலிக்காரனிடம் காசு இல்லை. ஏற்றுமதிக்கும் அரசு தடை போடவில்லை. ஜனங்கள் உணவைவிட வேகமாகப் பெருகுகிறார்கள் என்று பேசியவர் வைஸ்ராய் லிட்டன். அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமப்பவனுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாடினார். இறந்தவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்கிறார்கள்.

அன்று ஜனங்கள் அவ்வளவு அதிகமா? 1871 கணக்கெடுப்பில் ஆந்திரக் கரை, மலபார் எல்லாம் சேர்ந்த மாகாணத்துக்கே சுமார் 3 கோடிப் பேர். 2011-இல் தமிழ்நாட்டில் மட்டும் 7 கோடிக்கு மேல்.

அடுத்த பயம் நம் தலைமுறை பார்த்தது. 1965-இல் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடச் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். 1966-இல் ஏறக்குறைய 1 கோடி டன் தானியம் கப்பலில் வந்தது. 1975-இல் பெரும் பஞ்சம் வரும் என்று அமெரிக்காவில் புத்தகமே போட்டார்கள். அந்தச் சமயத்தில் சி. சுப்பிரமணியம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவித்தார். நம் பக்கம் ஆடுதுறைப் பண்ணையின் ஏ.டி.டி. 27 குறுவைக்கு வந்தது. ஜப்பான் ரகத்தை நம் ஜி.இ.பி. 24-உடன் சேர்த்து உண்டாக்கிய, சுமார் 105 நாள் பயிர்.

1951-இல் நாட்டின் ஜனத்தொகை 36 கோடி. தானிய விளைச்சல் சுமார் 5 கோடி டன். 2011-இல் 121 கோடிப் பேர். விளைச்சல் 24 கோடி டன்னுக்கு மேல். வாய் மூன்று மடங்குக்குச் சற்று மேல், தானியம் ஐந்து மடங்கை நெருங்கிவிட்டது.

அதற்காக மால்தஸைச் சிரித்துத் தள்ளவும் முடியாது. இந்த விளைச்சலுக்குக் கொடுத்த விலை நிலத்தடி நீர். பாகூர்ப் பக்கம் கிணற்றில் கையால் தொடும் அளவுக்குத் தண்ணீர் பார்த்தவன் நான். இன்று போர் எத்தனை அடி என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. எழுபதுகளில் நான் ரேஷன் கார்டு எழுதும் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் வரிசையில் வந்த அம்மாவிடம், பெயர்களை எழுதிக்கொண்டே, "ஏம்மா, அஞ்சு பிள்ளைங்களா? அரிசிக்கு எங்க போறது?" என்றேன். படித்த கர்வம். அவர் கோபப்படவில்லை. "பொறந்தது எட்டுங்க ஐயா. கார்டுல எழுத அஞ்சுதான் இருக்கு" என்றார்.

அதற்கு மேல் நான் தலை நிமிரவில்லை. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு, பெண்கள் படித்த பிறகு, நம் வீடுகளில் இரண்டும் ஒன்றுமாகக் குறைந்தது. யாரும் பஞ்சத்தை ஏவிக் குறைக்கவில்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இன்று ஒரு தாய்க்குச் சராசரி இரண்டு பிள்ளைகூட இல்லை. கரும்பலகைக் கணக்கில் இதற்கு இடமே இருக்கவில்லை.