பாலித்தீன் பிறந்த கதை

1933 மார்ச் 27. இங்கிலாந்தில் வின்னிங்டன் என்ற ஊரில் இருந்த ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். வேதியியலாளர்கள் ரெஜினால்டு கிப்சனும் எரிக் ஃபாசெட்டும் ஒரு சோதனைக் கலத்தைத் திறந்தார்கள். அதற்குள் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில், காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 2,000 மடங்கு அழுத்தத்தில் வைத்திருந்தார்கள். இரண்டும் வினைபுரியும் என்று எதிர்பார்த்தார்கள், நடக்கவில்லை. ஆனால் கலத்தில் மெழுகுபோல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பழம் பழுக்கும்போது வெளிவிடுகிற அதே எத்திலீன்தான் கெட்டிப்பட்டிருந்தது!

மறுபடி செய்து பார்த்தபோது கலம் வெடித்தது. ஆய்வு நின்றுபோனது. 1935 டிசம்பரில் மைக்கேல் பெரின் குழு மீண்டும் முயன்றது. கலம் கசிந்து அழுத்தம் இறங்கியதால் புதிதாக எத்திலீனை ஏற்றினார்கள். இம்முறை 8.5 கிராம் வெள்ளைத் தூள் கிடைத்தது. அதுதான் பாலித்தீன். புதிய வாயுவோடு கலந்து வந்த துளி ஆக்சிஜன்தான் வினையைத் தொடங்கிவைத்தது.

எத்திலீன் மூலக்கூறில் இரண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆக்சிஜனால் உருவாகும் தனி உறுப்பு என்ற வினைத்துடிப்பான துகள் அதில் ஒரு பிணைப்பைத் திறந்துவிடும். திறந்த முனை அடுத்த மூலக்கூறைப் பிடிக்கும். அது இன்னொன்றைப் பிடிக்கும். இப்படி ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட சங்கிலிதான் பலபடி. எதுவும் கழியாமல் சேர்வதால் இது சேர்ப்புப் பலபடி. நைலான் உருவாகும்போது நீர் வெளியேறும். அது குறுக்கப் பலபடி.

1939 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேடார் கம்பிகளுக்கு உறையானது பாலித்தீன்தான்.

இந்தப் பாலித்தீனின் சங்கிலிகளில் கிளைகள் இருந்தன. கிளையோடு கட்டிய சுள்ளிக்கட்டு மாதிரி அவை நெருங்கிப் படியாது. அதனால் பொருள் மென்மையாக இருந்தது, வளைந்து கொடுத்தது. 1953இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர், அலுமினியச் சேர்மத்தோடு டைட்டானியம் குளோரைடைச் சேர்த்து, சாதாரண அழுத்தத்திலேயே கிளையற்ற நேர்ச்சங்கிலியை உண்டாக்கினார். அது இறுகி, உறுதியாக நின்றது. சீக்லரும் இத்தாலியின் ஜூலியோ நாட்டாவும் 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பேக்கலைட் என்ற பிளாஸ்டிக் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. பாலித்தீன் சூட்டில் இளகும், மறுவார்ப்புக்கு உதவும். ஆனால் அதன் கார்பன் சங்கிலியை நுண்ணுயிர்களால் எளிதில் அறுக்க முடியாது. மண்ணில் போட்டால் அப்படியே கிடக்கும். வீட்டிலுள்ள கேனையும் பையையும் பாருங்கள். அவற்றிலுள்ள முக்கோணக் குறிக்குள் 2 இருந்தால் நேர்ச்சங்கிலி, 4 இருந்தால் கிளைச்சங்கிலி. இரண்டையும் குப்பையில் கொட்டாமல் பிரித்து, மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.