யார் அழைத்தது? கோழிக்கோடு 1980, குவாங்டோங் 1988

1

‘அழைப்புப் போட்டி’ என்றாலே நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. கூப்பிட்டாங்க, வந்தாங்க, ஆடினாங்க, போனாங்க. இதில் வரலாறு என்ன இருக்கு என்று கேட்பார்கள். விளையாட்டு வரலாறு என்று நம்மிடம் எழுதப்படுவது பெரும்பாலும் கோப்பைகளின் வரலாறு, அதுவும் ஆண்களின் கோப்பைகள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். அழைப்பு என்பது ஓர் அதிகாரச் செயல். யாரை அழைப்பது என்று தீர்மானிக்கிறவர் எது தேசம், எது ஆசியா, யார் ஆட்டக்காரர் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறார். பெண்கள் கால்பந்தில் நிகழ்ந்த இரண்டு அழைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது துலங்கும்.

2

முதலாவது, 1980 தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்தது. பெயர் என்னவோ ஆசியச் சாம்பியன் போட்டிதான். நடைமுறையில் தகுதிச் சுற்று கிடையாது. வர முடிந்தவர்கள் வந்தார்கள். வந்த அணிகளின் பட்டியலே ஒரு பிரதியாக வாசிக்கத் தக்கது. ஹாங்காங், பிலிப்பைன்ஸ், ‘சீனக் குடியரசு’ என்ற பெயரில் தைவான், மேற்கு ஆஸ்திரேலியா, பிறகு இரண்டு இந்தியாக்கள்: ‘இந்தியா என்’, ‘இந்தியா எஸ்’. இறுதி ஆட்டத்தில் ‘இந்தியா எஸ்’ அணியைத் தைவான் 2-0 என்று வென்றது.

கவனியுங்கள். ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலம் இங்கே ஒரு தேசத்துக்குச் சமமாக நிற்கிறது. இந்தியா இரண்டாகப் பிரிந்து தனித்தனியே ஆடுகிறது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பிலிருந்து 1974ல் வெளியேற்றப்பட்ட தைவான் இங்கே ஆசியாவின் சாம்பியன். இதே போட்டியின் முதல் கோப்பையை 1975ல் ஹாங்காங்கில் வென்றது நியூசிலாந்து! ஆண்களின் சர்வதேசப் போட்டியில் இதையெல்லாம் கற்பனை செய்ய முடியுமா? தேசம் அங்கே முத்திரை குத்தி மூடப்பட்ட உறை. இங்கே அது திறந்து கிடந்தது.

காரணம் எளிது. அன்று ஆசியப் பெண்கள் கால்பந்தை நடத்திய அமைப்பு, ஆண்களின் ஆசியக் கூட்டமைப்புக்கு வெளியே இருந்தது. 1986ல்தான் இரண்டும் இணைந்தன. இந்தியாவிலும் 1975ல் பெண்களுக்கெனத் தனிச் சம்மேளனம் உருவானது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது 1990களின் தொடக்கத்தில்.

3

இதை நான் எழுதுவது கோட்டக்குப்பத்திலிருந்து. எல்லைக்கோடு எங்களுக்கு ஏட்டு விஷயமில்லை. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் எங்கள் ஊர். 1947 வரை இந்தப் பக்கம் வெள்ளைக்காரன். 1954 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன். இன்றைக்கும் இங்கிருந்து கடலூர் போகிறவர் தமிழ்நாட்டை விட்டு வெளியேறி, புதுச்சேரியைக் கடந்து, மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார். ‘நீ எந்த ஊரு ஆளு?’ என்ற கேள்விக்கு ரேஷன் கார்டு ஒரு பதிலும் உறவுமுறை வேறு பதிலும் சொல்லும் இடம் இது. எல்லை என்பது கட்டமைக்கப்படுவது என்று எங்களுக்கு யாரும் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆண்களின் கால்பந்து மறைத்து வைக்கிற இந்த உண்மை கோழிக்கோட்டில் வெளியே தெரிந்துவிட்டது என்பதே என் வாதம்.

இதைக் கொண்டாட்டமாக மட்டும் பார்க்க வேண்டாம். வரைபடம் தளர்ந்து கிடந்ததற்குக் காரணம் யாருக்கும் அதில் அக்கறை இல்லாததும்தான். 1921ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டமே தடுத்தது. ஆனாலும் 1971ல் மெக்சிகோவில் அங்கீகாரமில்லாத உலகப் போட்டி ஒன்றில் மெக்சிகோவை டென்மார்க் 3-0 என்று வென்றபோது, அஸ்டெகா மைதானத்தில் கூடியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ‘பார்க்க ஆளில்லை’ என்ற சொல்லாடல் பொய் என்பதற்கு இந்த ஒரு கூட்டமே போதும்.

4

1986ல் ஃபிஃபாவின் மெக்சிகோ மாநாட்டில் நார்வேயின் எலன் வில்லெ மேடையேறி, பெண்களுக்கும் உலகக் கோப்பை வேண்டும் என்று கேட்டார். அதன் விளைவு, 1988 ஜூனில் குவாங்டோங்கில் ஃபிஃபா நடத்திய அழைப்புப் போட்டி. 12 அணிகள். இறுதியில் ஸ்வீடனை நார்வே 1-0 என வென்றது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புவரை தடையில் கிடந்த பிரேசில் மூன்றாமிடம் பெற்றது.

ஆசியாவிலிருந்து அங்கே ஆடியவை சீனா, ஜப்பான், தாய்லாந்து. இந்தியா இல்லை. 1980ல் இரண்டாமிடம், 1981ல் மூன்றாமிடம், 1983ல் மறுபடி இரண்டாமிடம், அதே 1983ல் சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது: இவ்வளவும் இருந்தும் இல்லை. தைவானும் இல்லை. வரைபடம் ஒழுங்குபடுத்தப்பட்டுவிட்டது. ஒரு நாட்டுக்கு ஓர் அணி, அதுவும் அழைக்கப்பட்டால்.

இந்த அழைப்பும்கூடப் பரீட்சைதான். பெண்களால் இது முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். 1991ல் முதல் உலகப் போட்டியை நடத்தியபோதுகூட ‘உலகக் கோப்பை’ என்ற பெயரைத் தரவில்லை. ஒரு மிட்டாயின் வணிகப் பெயரைச் சேர்த்து ‘உலகச் சாம்பியன் போட்டி’ என்றார்கள். ஆட்ட நேரம் 80 நிமிடம். ஆண்களுக்கு 90. அந்தப் பத்து நிமிடக் குறைப்பில் இருப்பது உடற்கூறு அல்ல, கருத்தியல்.

5

2018 பிப்ரவரியில் கட்டக்கில் மணிப்பூரை வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறை தேசியச் சாம்பியன் ஆனார்கள். கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். 2019ல் புவனேஸ்வரத்தில் இந்தியா, ஈரான், நேபாளம், மியான்மர் ஆடிய நான்கு நாட்டு அழைப்புப் போட்டியை மியான்மர் வென்றது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வீழ்த்தி, தகுதிச் சுற்று வழியாக முதன்முறை ஆசியக் கோப்பைக்கு இந்தியா தேறியது.

அந்த ‘முதன்முறை’ உண்மைதான். என் சங்கடம் அதன் இன்னொரு வேலையைப் பற்றியது. தகுதிச் சுற்றுக்கு முந்தையதெல்லாம் கணக்கில் சேராத பழங்கதை என்று அது சொல்லாமல் சொல்கிறது. கோழிக்கோட்டில் ஆடிய பெண்களில் பலர் இன்று பாட்டிமார்களாக இருக்கும் வயதினர். எந்த ஊரிலிருந்து போனார்கள், யாரிடம் பூட்ஸ் வாங்கினார்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டு ரயிலேறினார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். சங்கங்களின் ஆவணங்களுக்காகக் காத்திருந்தால் ஆகாது. வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் படங்களும் நாளிதழ்த் துண்டுகளும் நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அந்த வேலைக்கு யாருடைய அழைப்பும் தேவையில்லை.