வெள்ளிப் பதக்கமும் சாம்பிள் பீசும்

நடுவர் அய்யா அவர்களே! நான் எப்போ முடிப்பேன்னு கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! ஷிப்டு முடிஞ்சு பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற திருப்பூர்ப் பெருமக்களே!

"மாறும் சினிமாவை அடையாளம் காட்டுவது ரசிகரின் கைதட்டலா? விருது மேடையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசியவர், "ஓடின படத்துக்கு மாலை போடறதுதானே விருது? காசு கொடுத்து டிக்கெட் வாங்கறவனுக்குத் தெரியாதது அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. நான் ஊர் உலகமெல்லாம் சுத்தப் போறதில்லை. ஒரே ஒரு விழாவை எடுத்துக்கறேன்.

1955-ஆம் வருஷம். 1954-இல் வந்த படங்களுக்கு மத்திய அரசு விருது கொடுக்குது. அந்த விருதுக்கே அப்போ வயசு ரெண்டுதான். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் முதன்முதலா ஒரு தமிழ்ப் படத்துக்குக் கிடைக்குது. படம், 'மலைக்கள்ளன்'. எடுத்தது சென்னையிலேன்னு நினைக்காதீங்க. நம்ம கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ! (பலத்த கைதட்டல்) அன்னைக்குத் திருப்பூரும் கோவை மாவட்டம்தானுங்களே. 2009-லேதானே நாம தனி மாவட்டம் ஆனோம்.

அந்தப் படத்திலே யாரெல்லாம் இருந்தாங்க? கதை, நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல். வசனம், மு. கருணாநிதி. கதாநாயகன், எம்.ஜி.ஆர். கதாநாயகி, பானுமதி. இயக்கம், ஸ்ரீராமுலு நாயுடு. பின்னாளிலே நாட்டை ஆண்ட ரெண்டு முதலமைச்சர்கள் ஒரே படத்திலே! அதே கதையை நாயுடுவே இந்தியிலே 'ஆசாத்' என்று எடுத்தார். அதிலே நடிச்ச திலீப்குமாருக்கு பிலிம்பேர் விருது கிடைச்சது. கொங்கு நாட்டுத் தறியிலே நெய்த துணி பம்பாய் வரைக்கும் போய் விலைபோன மாதிரி!

சரி, இந்த இடத்திலே எதிரணிக்கு ஒரு மார்க் போட்டுடறேன். மலைக்கள்ளன் ஓடின படம்தான். நீங்க கைதட்டினீங்க, டில்லியும் கைதட்டிச்சு. ஆனா கதை அதோட முடியலீங்க.

அதே 1954-லே ஏவி.எம். ஒரு படம் எடுத்தாங்க, 'அந்த நாள்'. எஸ். பாலசந்தர் இயக்கினார். ஜாவர் சீதாராமன் எழுதினார். நடிச்சது சிவாஜி. படம் ஆரம்பிச்சதுமே கதாநாயகனைச் சுட்டுக் கொன்னுடறாங்க! சுட்டது யாருன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. கடைசியிலே பார்த்தா, செத்துப்போனவரே தேசத்துரோகி. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாமுங்க. படத்திலே பாட்டே இல்லை! ஒரு பாட்டுகூட இல்லை! (சிரிப்பு)

1931-லே 'காளிதாஸ்' வந்த நாள் முதலா, நமக்குப் பாட்டுதானே படம்? பாட்டு இல்லாத படம்னா, சாம்பார் இல்லாத கல்யாணப் பந்தி மாதிரி. ஜனங்க ஏத்துக்கலை. படம் தோத்துப் போச்சு. எதிரணி நண்பரே, உங்க கைதட்டல் அன்னைக்கு எங்கே போச்சு?

ஆனா, மலைக்கள்ளனுக்குப் பதக்கம் கொடுத்த அதே விருதிலே, இந்தத் தோத்த படத்துக்கும் தமிழின் இரண்டாவது சிறந்த படம்னு தகுதிச் சான்றிதழ் கொடுத்தாங்க. ஓடின படத்துக்கு மட்டும்தான் மாலைன்னு சொன்னீங்களே, இந்தச் சான்றிதழுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க? (கைதட்டல்)

இது நம்ம ஊருக்கு மட்டுமான கதையும் இல்லை. 1929 மே 16-ஆம் தேதி அமெரிக்காவிலே முதல் ஆஸ்கார் விழா. அப்போ ஊமைப்படக் காலம் முடியற நேரம். 'தி ஜாஸ் சிங்கர்' பேச ஆரம்பிச்சிடுச்சு. ஊமைப் படங்களோட இதைப் போட்டியிலே விட்டா நியாயமில்லைன்னு தனியா வெச்சு, அதை எடுத்த வார்னர் நிறுவனத்துக்குச் சிறப்பு விருது கொடுத்தாங்க. சிறந்த படம்னு பரிசு வாங்கினது 'விங்ஸ்' என்ற ஊமைப் படம். சில வருஷத்துலே பேசும் படமே உலகத்தை ஆண்டுச்சு. புதுசா வர்றதுக்கு நடு மேடையிலே நாற்காலி கிடைக்காதுங்க. ஓரமாத்தான் கிடைக்கும். ஆனா அந்த ஓர நாற்காலியைப் போட்டதே விருது மேடைதான்!

திருப்பூர்க்காரங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. கம்பெனியிலே லட்சம் பீஸ் டெலிவரி போகும். அதிலேதான் சம்பளம் வரும். பக்கத்து மேஜையிலே ஒரே ஒரு சாம்பிள் பீஸ் கிடக்கும். அதை யாரும் விலைக்கு வாங்கறதில்லை. ஆனா அடுத்த சீசன் ஆர்டர் எதைப் பார்த்து வருதுங்க? (கைதட்டல்) மலைக்கள்ளன் டெலிவரி. அந்த நாள் சாம்பிள்! அந்தச் சாம்பிளுக்குப் பிறகு, பாட்டே இல்லாம 1965-லே ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' வந்தது. 1988-லே பாலு மகேந்திராவின் 'வீடு' வந்தது. அதிலே நடிச்ச அர்ச்சனாவுக்கு தேசிய விருதே கிடைச்சது. 1995-லே 'குருதிப்புனல்' வந்தது.

விருதிலே குறையே இல்லைன்னு நான் சொல்ல வரலை. ஆரம்பத்திலே படத்துக்குத்தான் பரிசு. நடிச்சவருக்கு இல்லை, பாடினவருக்கு இல்லை. 1967-ஆம் வருஷப் படங்களிலிருந்துதான் நடிகர், நடிகை, இசையமைப்பாளருக்கெல்லாம் தனித்தனி விருது வந்தது. பாட்டெழுதறவருக்கு அதற்கும் அடுத்த வருஷம்தான். அதை முதலில் வாங்கினவர் நம்ம கண்ணதாசன். செக்கிங் மேஜைக்கே தப்பின பீஸ் எத்தனையோ இருக்கும். அதுக்காக, செக்கிங்கே வேண்டாம்னு சொல்வீங்களா?

பதக்கம் வாங்கின அந்தக் கோவை ஸ்டூடியோ இன்னைக்கு இல்லை. கொட்டகையிலே எழுந்த விசில் சத்தமும் காத்தோட போச்சு. ஜெயிச்ச படத்தை ஜனங்க ஞாபகம் வெச்சுக்குவாங்க. தோத்துப் போன நல்ல படத்துக்கு யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட்டாகணுமில்லீங்களா? 1955-லே அதைப் போட்டது விருது மேடை. ஆகவே தீர்ப்பு எங்கள் பக்கமே என்று கூறி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)