ஷார்ட் தெருவின் தமிழ்ப் பெண்கள் பள்ளி

தெம்பனிஸில் அமைந்துள்ள தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி போன்ற கல்விக்கூடங்களின் மாணவ மாணவியர் பயிற்சிக்காகவும் தொண்டுக்காகவும் அயல்நாடு சென்று வருவது இன்று இயல்பான செய்தி. எங்கோ ஒரு நாட்டில், பெண் குழந்தைகளின் கல்விக்கு உழைக்கும் அமைப்பொன்றில் சின்னாள் பணிபுரிந்து திரும்பும் இளையரை எவரும் வியந்து நோக்குவதில்லை. ஆயின், இதே சிங்கப்பூர் அத்தகைய உதவியைப் பெறும் ஊராக இருந்த காலமும் உண்டு. அவ்வுதவியைத் தாமே முன்வந்து கேட்டவருள் இந்தியத் தந்தையர் சிலர் இருந்தனர் என்பது நம்மவர் பலர் அறியாத வரலாறு.

இத்தீவில் பெண்கல்வி தமிழரிடமிருந்து தொடங்கியதன்று. 1842இல் மரியா டையர் அம்மையார் சீனச் சிறுமியர்க்கெனப் பள்ளி தொடங்கினார். 1854இல் கன்னிமாடத்துப் பள்ளி எழுந்தது. அந்நாளில் இங்கிருந்த இந்தியருள் மிகப் பெரும்பாலோர் ஆடவர். பொருளீட்டி ஊர் திரும்பும் எண்ணத்தினர். மனைவி மக்களோடு குடியமர்ந்தோர் சிலரே. அச்சிலருக்குத்தான் பெண் குழந்தையின் படிப்பு என்னும் கவலை தோன்றிற்று.

1857இல் ஆஸ்திரேலியாவின் கோல்பர்ன் நகரில் பிறந்தவர் சோபியா பிளாக்மோர். இருபத்தொன்பது வயதில், முதலில் இந்தியா சென்று, பின்னர் 1887 ஜூலை 16ஆம் நாள் சிங்கப்பூரில் வந்திறங்கினார். அவரை அனுப்பியது அமெரிக்க மெதடிஸ்ட் பெண்களின் அயல்நாட்டுத் தொண்டுச் சங்கம். அச்சங்கத்தின் மின்னசோட்டாக் கிளையைச் சேர்ந்த மேரி நிண்ட் அம்மையார், சிங்கப்பூர்ப் பணிக்கென 3,000 டாலர் திரட்டித் தருவதாக முன்னரே உறுதி அளித்திருந்தார். பனி உறையும் மாநிலத்துப் பெண்கள், நிலநடுக்கோட்டருகே தாம் காணாத ஊரில் வாழும் சிறுமியர்க்குப் பொருள் அளித்தனர்!

வந்திறங்கி ஒரு திங்களுக்குள், ஆகஸ்டு 15ஆம் நாள், ஷார்ட் தெருவில் ஒரு கடைவீட்டில் 'தமிழ்ப் பெண்கள் பள்ளி' திறக்கப்பட்டது. மாணவியர் ஒன்பதின்மர். மொழியறியாத ஊரில் அந்நிய மாது ஒருவர் இத்துணை விரைவில் பள்ளி திறந்தது எங்ஙனம்? தம் பெண்களுக்குப் பள்ளி வேண்டுமென்று இந்தியத் தந்தையர் கேட்டதும், இடத்திற்கு உதவி செய்ததுமே காரணம். சமயம் பரப்புதல் அம்மையாரின் நோக்கங்களுள் ஒன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. தந்தையரும் அதனை அறியாதவர் அல்லர். அறிந்தும் கேட்டனர் என்பதே கருதத்தக்கது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரார் வினவிய காலம் அது. பிளாக்மோரைப் புகழும் நூல்கள் இத்தந்தையரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது நியாயமன்று.

மறு ஆண்டிலேயே சீனச் சிறுமியர்க்கென மற்றொரு பள்ளியை அம்மையார் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று தாய்மாரிடம் பேசினார். அதற்கென மலாய் கற்றார். விடுதி ஒன்றையும் நடத்தினார். பின்னாளில் அது நிண்ட் இல்லம் எனப் பெயர் பெற்றது. சில மாதப் பயிற்சியன்று அவருடையது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைப்பு. 1945இல் ஆஸ்திரேலியாவில் மறைந்தார்.

ஷார்ட் தெருப் பள்ளியோ வேறு வழியில் வளர்ந்தது. யுரேஷியச் சிறுமியரும் சீனச் சிறுமியரும் சேர்ந்தனர். ஆங்கிலமே பயிற்று மொழியாயிற்று. 'தமிழ்' என்னும் அடைமொழி நீங்கி, மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்னும் பெயர் நிலைத்தது. இதனைச் சூழ்ச்சி என்று கூறுவோர் எண்ணிக்கையை மறந்து பேசுகின்றனர். குடும்பங்களே சிலவாக இருந்த சமூகத்தில் தமிழ்ச் சிறுமியர் எத்தனை பேர் வந்திருக்கக் கூடும்? எனினும், வசதி படைத்த தமிழ் வணிகர் தம் பெண்டிர்க்கெனத் தாமே ஒரு பள்ளியை அப்போதே எழுப்பியிருக்கலாம் என்னும் ஆதங்கம் எழாமல் இல்லை. நாரிஸ் சாலையில் இராமகிருஷ்ண சங்கத்தின் சாரதாமணி பெண்கள் பள்ளியைக் காண 1930கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1920களில் சோபியா குன்றுக்குச் சென்றது. (குன்றின் பெயர் அம்மையாரால் வந்ததன்று, அவர் வருமுன்னரே வழங்கியது.) 1992இல் மீண்டும் இடம்பெயர்ந்து, அவர் பெயரையே தாங்கிய பிளாக்மோர் டிரைவில் இப்போது இயங்குகிறது. ஷார்ட் தெரு, பெயருக்கேற்ற குறுந்தெருவாக, தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கிறது.