மாரடைப்பைக் காட்டிக் கொடுக்கும் கோடுகள்: இசிஜி சோதனை பற்றி அறிவோம்

நெஞ்சு வலி என்று கிளினிக்கிற்குப் போனால் முதலில் எடுக்கப்படுவது இசிஜி எனப்படும் இதய மின்னலைப் பதிவு. மார்பில் ஆறு, கை கால்களில் நான்கு என 10 இடங்களில் ஒட்டுகளைப் பொருத்துவார்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். "ஷாக் அடிக்குமா?" என்று கேட்கும் பாட்டிமார்கள் இன்றும் உண்டு. அடிக்காது. இயந்திரம் உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை; இதயம் தானாக உண்டாக்கும் மின்சாரத்தை அளக்க மட்டுமே செய்கிறது.

அந்த மின்சாரம் இதயத்தின் வலது மேல் அறையில் உள்ள சிறு திசுக்கட்டில் பிறக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை அது தூண்டுதல் அனுப்பும். மேல் அறைகள் சுருங்கியதும், இரத்தம் கீழே இறங்குவதற்கு வசதியாக, நடுவில் உள்ள இன்னொரு திசுக்கட்டு அந்தத் தூண்டுதலைக் கணநேரம் தாமதப்படுத்தி அனுப்பும். பிறகு கீழ் அறைகள் சுருங்கும். தோலின் மேல் இதை அளந்தால் கிடைப்பது ஒரு மில்லிவோல்ட் அளவுதான்.

இவ்வளவு சிறிய மின்சாரத்தை முதலில் மனித உடலில் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். 1887-இல் லண்டனில் அதைச் செய்து காட்டினார். தமது நாய் ஜிம்மியை உப்புத் தண்ணீரில் நிற்க வைத்தும் இச்சோதனையை நடத்தியிருக்கிறார். ஆனால் மருத்துவமனைகளில் இதற்குப் பெரிய பயன் இருக்காது என்றே அவர் நினைத்தார்.

அதைப் பயனுள்ளதாக ஆக்கியவர் நமக்கு அண்டை மண்ணில் பிறந்தவர். வில்லெம் ஐன்தோவன் 1860-இல் ஜாவாவின் செமாராங் நகரில் பிறந்தார். தந்தை அங்கே மருத்துவர். அவர் இறந்த பின், பத்து வயதில், தாயுடன் நெதர்லாந்து திரும்பினார். லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், 1900-களின் தொடக்கத்தில் காந்தப் புலத்தின் நடுவே மிக மெல்லிய இழையைத் தொங்கவிட்டு அதன் அசைவைப் படம் பிடிக்கும் கருவியை உருவாக்கினார். உருக்கிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி, வில்லில் எய்துதான் அந்த இழையை இழுத்தார்கள்! கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் தேவை. நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல முடியாததால், ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் இருந்த நோயாளியின் பதிவைத் தொலைபேசிக் கம்பி வழியே வரவழைத்தார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தவரும் அவரே. பி என்பது மேல் அறைகளின் வேலை. கியூ, ஆர், எஸ் மூன்றும் கீழ் அறைகளுக்குரியவை. டி என்பது இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராவது. இரத்தக் குழாய் முழுதாக அடைபட்டால், பெரும்பாலும் எஸ் முதல் டி வரையுள்ள பகுதி மேலே தூக்கிக்கொள்ளும். அதைக் கண்டால் மருத்துவர் காத்திருக்க மாட்டார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தோ பலூன் சிகிச்சையோ உடனே தொடங்க வேண்டும். அதனால்தான் நெஞ்சு வலியோடு வருபவருக்கு 10 நிமிடத்திற்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி.

ஆனால் பலர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். "இசிஜி நல்லா இருக்கு" என்றால் இதயம் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. அது அந்தச் சில விநாடிகளின் படம் மட்டுமே. குழாயில் பாதி அடைப்பு உள்ளவருக்கும், ஓய்வில் எடுத்தால் கோடுகள் ஒழுங்காக இருக்கலாம். மாரடைப்பின் தொடக்கத்தில்கூட மாற்றம் தெரியாமல் போகும். எனவே சிறிது நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று அறிய டிரோபோனின் இரத்தச் சோதனையும் செய்வார்கள். அவ்வப்போது வந்து போகும் படபடப்புக்கு, நாள் முழுதும் உடலில் மாட்டியிருக்கும் ஹோல்டர் கருவி உண்டு. நடைப் பட்டையில் ஓடவிட்டுப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டும் உண்டு.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மலேசியாவில் இந்நோய் இந்தியர்களிடையே அதிகம். நாளடைவில் நரம்புகள் பாதிக்கப்படுவதால் இவர்களில் சிலருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரும். மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, காரணமற்ற களைப்பு என்றுதான் தெரியும். அதை 'காற்று' என்று சொல்லி வயிற்றில் கோடாலித் தைலம் தேய்த்துப் படுத்துவிடுவதும், விடிந்ததும் பார்க்கலாம் என்பதும் தோட்டத்திலும் உண்டு, தாமான்களிலும் உண்டு. டவுனுக்கு முக்கால் மணி நேரம் போக வேண்டியிருக்கும் தோட்டங்களில் இந்தத் தாமதம் இன்னும் ஆபத்து. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

பழைய இசிஜி தாளைத் தூக்கிப் போட வேண்டாம். சிலருக்குப் பிறவியிலேயே கோடுகள் சற்று வேறுபட்டிருக்கும். முந்தைய பதிவோடு ஒப்பிட்டால்தான் எது புதிய மாற்றம் என்று மருத்துவருக்குத் தெரியும். தாளின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால், கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.