நாடா ரம்பமும் ஒரு பிரெஞ்சுப் பெண்மணியும்

மர வாடிகளில் ஓடும் பேண்ட் சாவை நம்மில் பலர் பார்த்திருப்போம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றிப் பல் வைத்த எஃகு நாடா ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சில் இதற்கு 'சீ ஆ ருபான்' என்று பெயர். 'சீ' என்றால் ரம்பம், 'ருபான்' என்றால் ரிப்பன். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு வகுப்பில் அந்தச் 'சீ' வந்தாலே சிரிப்புத்தான்.

இந்த இயந்திரம் வருவதற்கு முன் பெரிய மரத்தை எப்படி அறுத்தார்கள் என்பது மூத்த வாசகர்களுக்குத் தெரியும். பள்ளம் தோண்டி, மரத்தைக் குறுக்கே போட்டு, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று வாளை இழுப்பார்கள். கீழே நிற்பவர் கண்ணெல்லாம் மரத்தூள். வாள் கீழே இறங்கும்போதுதான் மரம் அறுபடும். மேலே தூக்குவது வெறும் உழைப்பு. அந்த வீண் இழுப்பே இல்லாமல், எப்போதும் கீழ்நோக்கியே ஓடும் வாள் ஒன்று இருந்தால்?

இந்த யோசனைக்கு 1809-ல் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் இயந்திரம் ஓடவில்லை. சட்டம் செய்யலாம், சக்கரம் செய்யலாம், நாடாதான் நிற்கவில்லை. இரண்டு முனைகளையும் சேர்த்து வளையமாக்கிய இடத்தில் அறுந்து போயிற்று.

காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். வீட்டுப் பட்டறை ரம்பத்தின் நாடா சுமார் 2 மீட்டர் நீளம். அது நிமிடத்துக்கு 600 மீட்டர் வேகத்தில் ஓடினால் 300 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரங்களில் வளைந்து நிமிர வேண்டும். ஆக, ஒட்டுப் போட்ட இடம் நிமிடத்துக்கு 600 தடவை, மணிக்கு 36,000 தடவை வளைகிறது. ஒட்டு கடினமாக இருந்தால் முறியும், இளகியிருந்தால் பிரியும்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இப்படியே போயின. 1846-ல் ஆன் போலேன் கிரேபேன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, இந்த ஒட்டுக்கு ஒரு முறை கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அப்போது திண்டுக்கல் கும்பினியார் கையில். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில். அந்த அம்மையாரிடமிருந்து உரிமையை வாங்கிய பாரிஸ் நகரத்து பேரேன் நிறுவனம், நல்ல எஃகையும் பதம் ஏற்றும் முறையையும் சேர்த்து, உழைக்கும் நாடாவைச் செய்தது. சரக்கு பேரேன் பெயரில் உலகம் சுற்றியது. கிரேபேன் பெயர் காப்புரிமைப் பதிவில் தங்கியது. ஆயுளெல்லாம் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஒரு வரியை எழுதிய குமாஸ்தா புண்ணியவான். அது இல்லையென்றால் அந்த அம்மையார் இருந்ததே நமக்குத் தெரியாது.

இன்று வீட்டிலேயே மரத்தால் பேண்ட் சா கட்டுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கனடாவில் மத்தியாஸ் வாண்டெல் என்ற பொறியாளர் கட்டிக் காட்டியது பலருக்கும் வழிகாட்டியாயிற்று. நானும் எங்கள் குஜிலியம்பாறை வீட்டுக் கொட்டகையில் ஒன்று கட்டி வருகிறேன். சட்டம் மரம், சக்கரம் பிளைவுட். விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டிப் போர்த்த வேண்டும். சக்கரத்தின் விளிம்பு நடுவில் சற்றே உப்பியிருக்க வேண்டும். அப்போதுதான் நாடா நழுவாமல் மேட்டிலேயே ஓடும். பழைய ரைஸ் மில்லில் பட்டை பெல்ட் ஓடிய கப்பியை நினைத்துப் பாருங்கள், அதே சூட்சுமம்தான்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். வட்ட ரம்பம் ஒரு முறை அறுத்தால் 3 மில்லிமீட்டர் மரம் தூளாகிவிடும். சிறு பேண்ட் சாவில் 1 மில்லிமீட்டர் அளவுதான். நம் பக்கத்து வேம்பும் வாகையும் மழை குறைந்த பூமியில் மெல்ல வளர்ந்தவை. வீணாக்க மனம் வருமா?

வேலையைப் பார்க்க வந்த ஆசாரி ஒருவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரிங்க சார், பிளேடை யாரு பத்த வெப்பா?" என்றார். இருநூறு வருஷத்துக் கதையை ஒரே கேள்வியில் அடக்கிவிட்டார்! மற்றதெல்லாம் மரத்தில் செய்யலாம். அந்த ஒட்டை மட்டும் தெரிந்தவர்தான் போட வேண்டும். இரு முனைகளையும் சரிவாகத் தேய்த்து, ஒன்றன் மேல் ஒன்று வைத்து, வெங்காரம் தடவி, வெள்ளிப் பற்று வைத்து உருக்க வேண்டும். தட்டான் பொடி வைத்து ஊதும் வேலைக்கு இது பங்காளி.

கட்ட நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாடா ஓடும்போது 'டிக், டிக்' என்று சீராகச் சத்தம் கேட்டால் உடனே விலகி நின்று மின்சாரத்தை நிறுத்துங்கள். பெரும்பாலும் ஒட்டில் மேடு இருக்கும், அல்லது விரிசல் விட்டிருக்கும். நிறுத்திய பிறகு முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.