பட்டாவுக்கு ஒரு கூரை, குடியிருப்பவருக்கு ஒரு கூரை

திருப்பூர் வேலம்பாளையம், கோவை கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கமெல்லாம் லைன் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. எதிரும் புதிருமாகக் கதவுகள், பொதுக் கக்கூஸ், தலைக்கு மேல் சிமென்ட் சீட். சித்திரை மதியத்தில் சீட்டுக்கு அடியில் கையை உயர்த்தினால் தோசைக்கல்லின் மேல் காட்டியது மாதிரி அனல் அடிக்கும். நைட் ஷிப்ட் முடித்து வருபவர் பகலில் படுக்க வேண்டியதும் அங்கேதான். சிலர் கைக்காசு போட்டு அடியில் தெர்மாகோல் ஒட்டுகிறார்கள். சூடு கொஞ்சம் தணியும். எலி சேரும், தீப்பிடித்தால் ஆபத்து வேறு.

இந்தக் கூரைக்கு அரசுப் பணம் வருமா? 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 2030க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு. கான்கிரீட் கூரைதான், சிமென்ட் சீட் கூடாது என்ற விதியும் உண்டு. நல்ல விதி. ஆனால் அது கிராமத்துக் குடிசைக்காரருக்கு, அதுவும் இடம் அவர் பெயரில் இருந்தால். வாடகைக்கு இருப்பவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

அமெரிக்காவில் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1976இல் வந்த வெதரைசேஷன் திட்டம் குடியிருப்பவரின் வருமானத்தைப் பார்க்கிறது. வாடகைதாரரும் கேட்கலாம், வீட்டுக்காரர் சம்மதித்தால் போதும். பரணிலும் சுவரிலும் வெப்பத்தடுப்பு போட்டுத் தருவார்கள். அதைக் காட்டி நியாயமான ஒரு காலத்துக்கு வாடகையை ஏற்றக்கூடாது என்று சட்டமே சொல்கிறது.

இதை அப்படியே இங்கே இறக்க முடியாது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2019 முதல் சட்டம் இருக்கிறது; லைன் வீட்டில் அட்வான்ஸ் கைமாறும், பேப்பர் மாறாது. ஏற்றக்கூடாது என்ற நிபந்தனையை எதில் எழுதுவது? அதைவிடப் பெரிய சிக்கல் அவர்களுடைய அளவுகோல். போட்ட பணத்துக்கு ஈடாக எரிபொருள் செலவு மிச்சமாகுமா என்று பார்த்துத்தான் அங்கே பெரும்பாலான வேலைகள் நடக்கும். நம் லைன் வீட்டில் ஏசி ஏது? ஒரு ஃபேன், கூரை குளிர்ந்தாலும் ஓடத்தான் போகிறது. அந்தக் கணக்கில் மிச்சம் பூஜ்யம். கிடைப்பது தூக்கம், அதற்கு மீட்டர் இல்லை.

எரிபொருள் கணக்கை விட்டு, கூரைச் சூட்டையே குறிவைத்துத் தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. அங்கும் தனியார் வீடுகளில் கட்டாயம் பெரிய மனைகளுக்குத்தான். 600 சதுர கஜத்துக்குக் குறைந்தால் அவரவர் விருப்பம்.

என்னைக் கேட்டால், மானியத்தை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். கொசுமருந்து அடிக்கத் தெருத்தெருவாக ஆள் அனுப்பும் மாநகராட்சி, வெயில் ஏறும் முன்பே மாசியில் சீட்டுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கவும் அனுப்பலாம். ஃபவுண்டரித் தூசி படிந்து மங்கினால் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்தே போட வேண்டும். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவாரா? ஏற்றப் பார்ப்பார். பக்கத்து லைனுக்கும் அதற்கடுத்த லைனுக்கும் அதே வாரம் அடித்துவிட்டால், "நம்ம வீடு சில்லுனு இருக்குமுங்க" என்று தனி விலை சொல்வது அவருக்குக் கஷ்டம்.